மீந்தோர் யாவர்? எபிரேயத் தீர்க்கதரிசனமும் கோயிலொழுகும்

காவிரியின் தென்கரையில் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை நிற்கின்றது. ஆற்றுக்கு அப்பால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. கோட்டைப் பகுதியில் 1766ஆம் ஆண்டு சுவார்ட்சு பாதிரியார் எழுப்பிய தேவாலயம் உண்டு. எபிரேய வேதத்தைத் தமிழாக்கும் பணியைத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கி ரூத்து ஆகமம் வரை கொணர்ந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து சூல்ட்சு நிறைவு செய்தார். ஆகவே ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் ஆகியோரின் வாக்குகள் இக்கரையில் தமிழில் ஓதப்பட்டு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகின்றன. அக்கரையிலோ, தெய்வமே ஊரைவிட்டு நீங்கி அரை நூற்றாண்டளவில் அலைந்து மீண்ட வரலாறு கோயிலொழுகு என்னும் ஏட்டில் வழிவழியாகப் போற்றப்பட்டு வந்துள்ளது.

நாடிழத்தல், அதனை இறைவனின் தீர்ப்பாகக் கொள்ளுதல், அழிவிலிருந்து ஒரு சிறு கூட்டம் மீந்து நிற்றல் ஆகிய மூன்றும் எபிரேயத் தீர்க்கதரிசனத்தின் உயிர்நாடியான கருத்துக்கள். இம்மூன்றையும் திருவரங்க மரபோடு ஒப்புநோக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது நம் கருத்தன்று. அத்தகைய தொடர்புக்குச் சான்றில்லை. ஒத்த துன்பத்தை எய்திய இருவேறு மக்கள் அத்துன்பத்திற்கு எவ்வாறு பொருள் கண்டனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

எபிரேயர் கண்ட சிறையிருப்பு

கி. மு. 722 அளவில் வடநாடாகிய இசுரவேலின் தலைநகர் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. தென்னாடாகிய யூதாவின் தலைநகர் எருசலேம் கி. மு. 597இல் பாபிலோனியருக்குப் பணிந்தது, கி. மு. 586இல் கோயிலோடு எரியுண்டது. எரேமியாவின் நூலிறுதியில் மூன்று முறையாகக் கொண்டு செல்லப்பட்டோர் தொகை 3,023, 832, 745 எனக் காணப்படுகின்றது. கூட்டினால் 4,600 ஆகும். நாட்டில் விடப்பட்டோர் எளியோரும் திராட்சைத் தோட்டம் பேணுவோருமே. கி. மு. 538இல் பாரசீக மன்னன் கோரேசு ஆணையிட, ஒரு சாரார் மீண்டனர், கி. மு. 515இல் இரண்டாம் கோயில் நிறைவெய்தியது.

நாடிழந்த ஏனைய இனத்தார் பலர் வென்றவருடைய தெய்வமே வலியது என்று கொண்டு தம் தெய்வத்தைக் கைவிட்டனர். எபிரேயத் தீர்க்கதரிசிகள் அவ்வாறு கொள்ளவில்லை. தோற்றது இறைவன் அல்லன். தம் மக்களைத் தாமே தண்டித்தவன் அவனே என்றனர். எளியோரை நசுக்கியதும், பொய்த்துலாக்கோல் பிடித்ததும், வேற்றுத் தெய்வங்களை நாடியதும் குற்றம். நாடிழத்தல் அதற்குத் தீர்ப்பு. ஏசாயாவுக்கு அசீரியன் இறைவன் கையிலுள்ள கோல். எரேமியாவுக்குப் பாபிலோன் வேந்தன் இறைவனின் ஊழியன். பகைவனையும் இறைவனின் கருவியாக்கிய இத்துணிவே, கோயிலும் அரசும் இன்றி அச்சமயத்தை வாழச் செய்தது எனலாம்.

தீர்ப்புக்கு அப்பாலும் நம்பிக்கை உண்டு என்பதைக் காட்டுவதே மீந்தோர் என்னும் கருத்து. இக்கருத்து முதலில் ஆறுதலாகத் தோன்றவில்லை. சிங்கத்தின் வாயிலிருந்து இடையன் மீட்பது ஆட்டின் இரண்டு காலோ காதின் ஒரு துண்டோதான் என்று ஆமோசு உவமித்தபொழுது, மீதி என்பது அழிவுக்குச் சான்றாகவே நின்றது. ஏசாயா தம் மகனுக்குச் செயார்யாசூபு என்று பெயரிட்டார். மீதியானோர் திரும்புவர் என்பது அதன் பொருள். மீதியானோர் மட்டுமே திரும்புவர் என்னும் அச்சமும், மீதியானோரேனும் திரும்புவர் என்னும் நம்பிக்கையும் அவ்வொரு பெயரிலேயே அடங்கியுள்ளன.

திருவரங்கத்து நிகழ்ச்சி

1311இல் மாலிக்காபூரின் படையெடுப்பைத் தமிழகம் கண்டது. பின்னர்த் தில்லியிலிருந்து உலூக்கான் படையொடு வந்த காலை திருவரங்கம் பேரழிவுக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு 1323 என்பது பெரும்பாலோர் கொள்கை. சில ஆண்டுகள் பிற்பட்டது என்பாரும் உளர். பன்றியாழ்வான் மேட்டில் பன்னீராயிரவர் மாண்டனர் என்பது மரபு. அத்தொகையை எண்ணிக் கண்ட கணக்கென்று கொள்ளாது, அழிவின் பெருமையைக் காட்டும் எண்ணென்று கொள்ளுதலே பொருந்தும்.

மூலவர் சன்னிதி கற்சுவரெழுப்பி மறைக்கப்பட்டது. தாயார் திருமேனி வில்வமரத்தடியில் புதைக்கப்பட்டது. உற்சவராகிய அழகிய மணவாளப் பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் தலைமையில் ஒரு கூட்டம் தெற்கு நோக்கிச் சென்றது. வழியில் கள்வர் பொருளைப் பறித்தனர். மதுரைக்கு அண்மையிலுள்ள சோதிட்குடியில் முதியவராகிய லோகாசாரியர் திருநாடு அலங்கரித்தார். பெருமாளோ அழகர்மலை, மலையாள நாடு, மைசூர்ப் பகுதி, மேல்கோட்டை எனப் பல இடங்களில் தங்கித் திருமலையை அடைந்தார். இன்றும் திருமலைக் கோயிலுள் உள்ள அரங்கநாயகர் மண்டபம் அத்தங்கலை நினைவூட்டுவதாகச் சொல்லப்படுகின்றது. உடன் சென்றோர் வரவரக் குறைந்து, இறுதியில் மூவரே காட்டில் பெருமாளைக் காத்து நின்றனர் என்று கோயிலொழுகு கூறும்.

மீட்சி எளிதில் வரவில்லை. மதுரையில் தனிச் சுல்தானகம் எழுந்தது. திருவரங்கத்துக்கு வடக்கே, இன்று சமயபுரம் எனப்படும் கண்ணனூர், போசளரின் தலைநகராயிருந்து பின் அச்சுல்தானகத்தின் காவற்படைத் தலமாயிற்று. 1340களின் தொடக்கத்தில் அதனை முற்றுகையிட்ட மூன்றாம் வல்லாளன் தோற்றுக் கொல்லப்பட்டதை, அக்காலை மதுரைக்கு வந்திருந்த இபின் பதூதா எழுதி வைத்துள்ளார். பின்னர் விசயநகரத்துக் குமார கம்பணனின் தென்திசைப் படையெழுச்சி நிலையை மாற்றிற்று. அவனுடைய அதிகாரியாகிய கோபணன் பெருமாளைத் திருமலையிலிருந்து செஞ்சிக்குக் கொணர்ந்து, அங்குச் சிலகாலம் வைத்துப் போற்றி, சக ஆண்டு 1293இல், அஃதாவது 1371இல், திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தான். கோயிற் சுவரில் பொறித்த வடமொழிச் செய்யுட்கள் இரண்டு இச்செய்தியை உரைக்கின்றன. அவற்றை வேதாந்த தேசிகர் இயற்றினார் என்பது மரபு. ஆயினும் தேசிகர் 1369இல் மறைந்தார் என்னும் மரபுக் கணக்கோடு அது பொருந்துமாறில்லை.

கோயிலொழுகு ஒருவர் ஒருகாலத்தில் எழுதிய நூலன்று. பல தலைமுறையினர் கூட்டியும் திருத்தியும் வந்த ஏடு அது. 1961இல் அரிராவ் அவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஆராய்ந்த பின்னர் வரலாற்றாசிரியர்களின் கவனம் அதன்பால் மிகுந்தது. அதன் ஆண்டுக் கணக்குகள் தளர்ந்தவை. ஆயினும் மீட்சி பற்றிய நடுச்செய்தியைக் கல்வெட்டு வலியுறுத்துகின்றது. 1323 முதல் 1371 வரை 48 ஆண்டுகள், கி. மு. 586 முதல் 538 வரையும் 48 ஆண்டுகளே. இது தற்செயலான ஒற்றுமை. இதன்மேல் எதனையும் கட்டலாகாது. எனினும் ஒன்று கருதத்தக்கது. நாற்பத்தெட்டு ஆண்டு என்பது, போனதைக் கண்டோர் பெரும்பாலும் மறைந்து, காணாதோர் பெருகுவதற்குப் போதிய காலம். பின்னர்க் காணப்போகும் சிக்கல் இரண்டிடத்தும் இதனாலேயே எழுந்தது.

தீர்ப்பு என்னும் கருத்து

எபிரேய மரபில் நாடிழந்தவர் மக்கள். திருவரங்க மரபில் ஊரிழந்தவர் தெய்வம். இவ்வேறுபாடே ஏனைய வேறுபாடுகளுக்கெல்லாம் அடிப்படை. கோயிலொழுகில், ஊரார் செய்த பாவத்திற்கு இது தண்டனை என்னும் குரல் ஓங்கி ஒலிக்கவில்லை. படையொடு வந்தவன் இறைவனின் கோலாகவும் சித்திரிக்கப்படவில்லை. ஏன் இது நேர்ந்தது என்பதனினும், பெருமாளுக்குத் தீங்கு வாராமல் காப்பது எங்ஙனம் என்பதே அம்மரபினர் கேட்ட கேள்வி.

இதற்குரிய சமயக் கொள்கை பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணத்திலேயே உள்ளது. காப்பவன் இறைவன், காக்கப்படுவோர் உயிர்கள் என்பது பொதுநெறி. பெரியாழ்வாரோ இறைவனுக்கு என்ன நேருமோ என அஞ்சி அவனுக்குப் பல்லாண்டு பாடினார். அன்பு முதிர்ந்த நிலையில் காப்பவனும் காக்கப்படுவோரும் முறைமாறி நிற்பர் என்று அந்நூல் இதனை விளக்குகின்றது. இக்கொள்கையை எழுதிய கையே பின்னர்ப் பெருமாளைச் சுமந்து சென்றது என்பது கருதத்தக்கது. இறைவனைக் காப்பதையே கடமையாகக் கொண்டவருக்கு, இறைவன் நம்மை ஏன் தண்டித்தான் என்னும் வினா எழ இடமில்லை.

சொல்லாராய்ச்சியும் இதற்குத் துணை செய்யும். தமிழ் வேதாகமத்தில் பாபிலோனுக்குச் சென்ற நிலையைக் குறிக்கும் சொல் சிறையிருப்பு என்பது. அதுவே வைணவ உரைமரபிலும் பயின்று வரும் சொல்லாகும். இராமாயணம் சிறையிருந்தவளாகிய சீதையின் ஏற்றத்தைச் சொல்ல எழுந்தது என்பது லோகாசாரியர் கொள்கை. அங்கே சிறை குற்றத்தின் பயனன்று. பிறரைச் சிறையினின்று விடுவிக்கத் தானே ஏற்றுக்கொண்ட துன்பம் என்று உரைகாரர் விளக்குவர். ஒரே தமிழ்ச்சொல் இக்கரையில் தண்டனையையும் அக்கரையில் பெருமையையும் குறித்து நிற்றல் நோக்கத்தக்கது.

ஆயினும் இரு மரபுகளும் முற்றும் எதிரெதிர்த் திசையில் செல்வன அல்ல. பாபிலோன் சிறையிருப்பின் இறுதிக்காலத்தைச் சேர்ந்தவை என அறிஞர் கருதும் ஏசாயாவின் பிற்பகுதியில், பிறருடைய குற்றத்தைத் தாங்கித் துன்புறும் ஊழியன் ஒருவன் தோன்றுகின்றான். அங்கே துன்பம் துன்புறுவோனின் குற்றத்திற்குக் கூலி என்னும் கணக்கு உடைகின்றது. எசேக்கியேலோ இறைவனின் மாட்சி கோயிலின் வாயிற்படியை விட்டெழுந்து, கீழை வாயிலில் நின்று, நகருக்குக் கிழக்கிலுள்ள மலைக்குச் செல்வதைக் காண்கின்றார். தொலைநாட்டிற் சிதறியோருக்கு இறைவனே சிறிது காலம் கோயிலாவான் என்றும் அவர் கூறுவர். பின்னாளில் யூதப் பேரறிஞர், இசுரவேலர் எங்கெங்கு நாடு கடத்தப்பட்டனரோ அங்கெல்லாம் இறைவனின் உறைவும் உடன் சென்றது என்றனர். தெய்வமும் நாடிழக்கும் என்னும் எண்ணம் அவர்க்கும் அயலன்று. எபிரேயர் உருவமற்ற மாட்சியாகக் கண்டதைத் திருவரங்கத்தார் தோளிற் சுமக்கும் திருமேனியாகக் கண்டனர்.

சென்றோரும் நின்றோரும்

இனி இக்கட்டுரையின் நடுவினாவுக்கு வருவோம். மீந்தோர் யாவர்? நாடு நீங்கிச் சென்றோரா, நாட்டிலேயே நின்றோரா?

எருசலேமில் இது பெரும் பூசலாயிற்று. நகரில் எஞ்சியிருந்தோர், சென்றவர் இறைவனுக்குத் தொலைவாயினர், நாடு எமக்கே உரியது என்று பேசியதை எசேக்கியேல் கண்டிக்கின்றார். எரேமியா இரண்டு கூடை அத்திப்பழங்களைக் காண்கின்றார். நல்ல பழம் கி. மு. 597இல் சென்றோர், உண்ணத்தகாத பழம் நின்றோர். ஆயினும் அதே எரேமியா, நகர் அழிந்தபின் பாபிலோன் செல்ல வாய்ப்பிருந்தும், நாட்டில் எஞ்சிய எளியோரோடு தங்குவதையே தெரிந்துகொண்டார் என்பதையும் மறத்தலாகாது.

மீண்டு வந்தோர் காலத்தில் இப்பூசல் தீரவில்லை. எஸ்றாவின் நூல் மீண்டோர் தொகையை 42,360 எனக் கூறி, குடிவழிப் பட்டியலையும் தருகின்றது. பட்டியலில் தம் பெயரைக் காட்ட இயலாத ஆசாரியர் ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். யாமும் உம்முடன் சேர்ந்து கோயில் கட்டுவோம் என்று வந்த அண்டை மக்கள் மறுக்கப்பட்டனர். மீந்தோர் என்னும் சொல் இங்கே வேலியாயிற்று. இதனை மறுக்கும் குரலும் அம்மரபிலேயே உண்டு. அயல்நாட்டாருக்கும் கோயிலில் இடமுண்டு என்பது ஏசாயாவின் பிற்பகுதி. மோவாபியப் பெண்ணாகிய ரூத்தைத் தாவீதின் மூதாட்டியாகக் காட்டுவது ரூத்து ஆகமம்.

திருவரங்கத்திலும் இவ்வினா எழுந்தது. ஆனால் வேறு வடிவில் எழுந்தது. பெருமாள் சென்றபின் ஊரில் நின்றோர் வேறொரு திருமேனியை எழுந்தருளச் செய்து வழிபட்டு வந்தனர். 1371இல் பழைய திருமேனி மீண்டபொழுது அதனை அறிந்தோர் மறைந்திருந்தனர். இதுவே முன்னைப் பெருமாள் என்பதற்குச் சான்று என்ன என்று ஊரார் கேட்டனர். எருசலேமில் மீண்ட மக்கள் தம்மை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. திருவரங்கத்தில் மீண்ட தெய்வமே தன்னை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

இவ்வழக்கைத் தீர்த்தவர் ஆசாரியரும் அல்லர், அரசு அதிகாரியும் அல்லர். முன்னாளில் பெருமாளின் ஆடைகளை வெளுத்த ஈரங்கொல்லி ஒருவர், முதுமையாற் கண்ணொளி இழந்தவர், ஊரில் எஞ்சியிருந்தார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவரிடம் தந்தனர். அதனைச் சுவைத்தும் மணத்தை உணர்ந்தும் இவரே நம்பெருமாள் என்று அவர் கூறினார். அன்றுமுதல் அப்பெயரே நிலைத்தது என்பது மரபு. எருசலேமில் ஏட்டுப் பட்டியல் செய்த வேலையைத் திருவரங்கத்தில் ஓர் எளிய தொழிலாளியின் நினைவு செய்தது. அவர் சென்றோருள் ஒருவர் அல்லர் என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். சென்றோர் காத்து வந்த தெய்வத்தை அடையாளம் கண்டவர் நின்றவரே. ஒருசார் மீதியானோர் மறுசார் மீதியானோரின்றி நிறைவுபெறவில்லை.

தீர்ப்புக்குப் பின் நிகழ்ந்ததும் சிறப்பானது. இடைக்காலத்தில் வழிபட்ட திருமேனி அகற்றப்படவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் பெயருடன் நம்பெருமாளுக்கு அருகிலேயே அதற்கு இடம் தரப்பட்டது. நின்றோரின் அரை நூற்றாண்டு வழிபாடு பொய் என்று தள்ளப்படவில்லை. இவ்வாறே, படையெடுத்து வந்தோரின் மரபைச் சார்ந்தவளாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்கும் அக்கோயிலில் இடமுண்டு. பெருமாள்மேல் காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்த தில்லி அரசிளங்குமரி என்று அவளைக் கோயிலொழுகு கூறும். வரலாற்றுச் செய்தியாக அதனை நிறுவுதல் அரிது. எனினும் துன்பத்தை எய்திய ஓர் ஊர், அத்துன்பத்தை விளைத்தோர் குலத்துப் பெண் ஒருத்தியைத் தன் தெய்வத்தின் நாச்சியாராக்கி நினைவுகூர்ந்தது என்பது வரலாற்றினும் சிறியதன்று. ரூத்து ஆகமத்திற்கு இணையாகத் தமிழகத்தில் காட்டத்தக்கது இதுவே.

நூல்களைக் காத்தோர்

மீந்தோர் காத்தவை திருமேனியும் ஊரும் மட்டுமல்ல. எரேமியாவின் வாக்குகளை எழுதிய சுருளை யோயாக்கீம் மன்னன் துண்டுதுண்டாக அறுத்துத் தீயிலிட்டான். எரேமியா சொல்லப் பாரூக்கு அதனை மீண்டும் எழுதினான். எபிரேய வேதத்தின் பெரும்பகுதி தொகுத்து ஒழுங்கு செய்யப்பட்டது சிறையிருப்பிலும் அதனையடுத்த காலத்திலுமே என்பது அறிஞர் கொள்கை. கோயிலை இழந்தோர் நூலைப் பற்றிக்கொண்டனர்.

திருவரங்கத்தழிவில் வேதாந்த தேசிகர், சுதர்சன சூரியின் மக்கள் இருவரையும் அவர் இயற்றிய சுருதப்பிரகாசிகை ஏட்டையும் காத்து, மாண்டோர் உடல்களினிடையே மறைந்திருந்து தப்பினார் என்பது குருபரம்பரைச் செய்தி. அவ்வேடு இராமாநுசரின் ஸ்ரீபாஷ்யத்திற்கு எழுந்த விரிவுரை. பின்னர் மேல்நாட்டில் தங்கிய அவர், திருவரங்கத்தின் அச்சம் நீங்க வேண்டி அபீதிஸ்தவத்தை இயற்றினார். பிள்ளை லோகாசாரியரின் வழிவந்தோர் மதுரையில் அரசுப்பணி ஆற்றிய திருமலையாழ்வாரை நாடிப் பொருள் உரைத்தனர். அவர் பதவியைத் துறந்து, ஆழ்வார்திருநகரியைச் சீர்ப்படுத்தி, அங்கிருந்து அகன்றிருந்த நம்மாழ்வாரை மீண்டும் எழுந்தருளச் செய்து, திருவாய்மொழிப் பிள்ளை எனப் பெயர் பெற்றார். அவர் மாணாக்கர் மணவாள மாமுனிகள், பெருமாள் மீள்வதற்கு முந்திய ஆண்டாகிய 1370இல் பிறந்தவர். திருவாய்மொழியின் ஈட்டுரையைத் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்னர் ஓராண்டுக் காலம் அவர் விரித்துரைத்தார். ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறிவந்த அந்த ஏட்டுத் தொடர் இடையில் அற்றிருப்பின், இன்று நாம் பயிலும் ஈடு நமக்குக் கிட்டியிராது. தமிழுரை வரலாறு ஆராய்வோர் இதனைத் தம் துறைச் செய்தியாகவே கொள்ளுதல் வேண்டும்.

முடிபு

மேற்கண்ட ஆராய்ச்சியால் மூன்று முடிபுகள் கிடைக்கின்றன. முதலாவது, நாடிழத்தலுக்கு எபிரேயர் கண்ட பொருள் அறத்தைப் பற்றியது. திருவரங்கத்தார் கண்ட பொருள் அன்பைப் பற்றியது. முன்னது, எம் குற்றம் யாதென்று தம்மையே வினவும் பேராண்மை உடையது. பின்னது, எம் தெய்வத்திற்கு யாதாகுமோ என்று உருகுவது. முன்னதைப் போன்ற தன்னாராய்ச்சி கோயிலொழுகில் குறைவு என்பதை நடுநிலையாளர் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வெறுப்பைத் தீர்ப்பாக்கும் குறை அதில் இல்லை என்பதையும் உடன் கூறல் வேண்டும்.

இரண்டாவது, மீந்தோர் என்னும் நிலை ஒரு சாரார்க்கே உரிய பெருமையன்று. மலைக்காட்டில் எஞ்சிய மூவரும் மீந்தோர். ஊரில் இருந்து வேறொரு திருமேனிக்கு விளக்கேற்றியோரும் மீந்தோர். எஸ்றாவின் பட்டியல் பிரித்ததைத் திருவரங்கமாளிகையாரின் இருக்கை சேர்த்து வைத்தது.

மூன்றாவது, பேரழிவிலிருந்து மீண்ட ஒரு சமுதாயம் தன் நினைவை யாரிடம் ஒப்படைக்கின்றது என்பதைக்கொண்டு அதன் இயல்பை அறியலாம். கோயிலொழுகை எழுதியோர் கோயிலின் அதிகாரத்தோடு இயைந்தவர்கள். அவர்கள் தம் வரலாற்றின் உச்சநிலையில், மெய் இதுவெனச் சொல்லும் உரிமையைக் கண்ணற்ற ஈரங்கொல்லி ஒருவருக்கே அளித்து எழுதினர். 1371ஆம் ஆண்டுக் கல்வெட்டு கோபணனின் புகழைப் பாடுகின்றது. அவ்வெளியவரின் பெயரைக் கல்லிலோ ஏட்டிலோ எவரும் பொறிக்கவில்லை. ஆயினும் அவர் வாயிற் பிறந்த பெயராலேயே திருவரங்கத்துப் பெருமாள் இன்றும் அழைக்கப்பெறுகின்றார்.